எறிந்த எலும்பும் வரலாறே

நுழையும்முன்

மன்னர்களும் படைத்தலைவர்களும் தம் பெயரைக் கல்லிலும் செம்பிலும் பொறித்து வைத்தனர். உழுதவரும் மேய்த்தவரும் அடுப்படியில் நின்றவரும் அவ்வாறு எதனையும் எழுதி வைக்கவில்லை. ஆயினும், அவர்கள் உண்டு எறிந்த எலும்புகள் மண்ணுக்குள் கிடக்கின்றன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் அவ்வெலும்புகளைத் தூய்மை செய்து, எண்ணி, அளந்து, ஒப்பிட்டு, உரோமானியப் பேரரசின் எளிய மக்களுடைய வாழ்வை அறிஞர்கள் மீட்டெடுக்கின்றனர். அவ்வாய்வின் வழிமுறைகளையும் அது வெளிப்படுத்திய உண்மைகளையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நூல்கள் சொல்லாத செய்தி

உரோமானியரின் உணவைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் பல உள்ளன. அபீசியஸ் என்பவரின் பெயரால் வழங்கும் இலத்தீன் சமையல் நூலில் பூநாரையையும் மயிலையும் சமைக்கும் முறைகள் கூறப்பட்டுள்ளன. செல்வர் வீட்டு விருந்துகளின் ஆடம்பரத்தைப் புகழ்ந்தும் இகழ்ந்தும் இலத்தீன் புலவர்கள் பாடியுள்ளனர். இவற்றை மட்டும் படிப்பவர், உரோமானியர் அனைவரும் நாள்தோறும் அரிய பறவைகளை உண்டு களித்தனர் என்று கருதக்கூடும். ஆனால், நூல் எழுதியவர்களும் அந்நூல்களில் இடம்பெற்றவர்களும் பெரும்பாலும் வசதி படைத்தவர்களே. பேரரசின் மக்களுள் மிகப் பலர் உழவராகவும் மேய்ப்பராகவும் கைவினைஞராகவும் அடிமைகளாகவும் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய உணவுத்தட்டில் என்ன இருந்தது என்பதை எழுதி வைத்தவர் மிகச் சிலரே.

எழுத்துச் சான்று குறைந்த இவ்விடத்தில்தான் விலங்கெலும்புகள் வரலாற்றுக்குத் துணைநிற்கின்றன. மனிதர் வாழ்ந்த இடங்களில் கிடைக்கும் விலங்கெலும்புகளைக் கொண்டு மனித வாழ்வை ஆராயும் அறிவுத்துறை ‘விலங்குத் தொல்லியல்’ எனப்படும். விலங்கை அறிவது இதன் முதற்படி. அவ்விலங்கை வளர்த்த, விற்ற, சமைத்த, உண்ட மனிதரை அறிவதே இதன் நோக்கம்.

இத்துறை எளிதில் வளர்ந்துவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் அகழாய்வாளர் பலர் சிலைகளையும் நாணயங்களையும் வண்ணக்கல் தளங்களையும் தேடினர். இடையில் வந்த எலும்புத்துண்டுகளைத் தோண்டிய மண்ணோடு சேர்த்துக் கொட்டிவிட்டனர். அவ்வகையில் அவ்வெலும்புகள் இருமுறை எறியப்பட்டன. உண்டவர் ஒருமுறை எறிந்தனர். அகழ்ந்தவர் மறுமுறை எறிந்தனர். 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் எலும்புகளை முறையாகச் சேகரித்து ஆராயும் வழக்கம் பரவலாயிற்று.

மண்ணும் சல்லடையும்

எல்லா மண்ணும் எலும்பைக் காப்பதில்லை. அமிலத்தன்மை மிகுந்த மண்ணில் எலும்பு கரைந்துவிடும். சுண்ணாம்புத்தன்மை உடைய மண்ணில் அது நெடுங்காலம் நிலைக்கும். நீர் தேங்கிக் காற்றுப் புகாத சேற்றிலும் எலும்பு கெடாமல் இருக்கும். வட இங்கிலாந்தில் உள்ள விண்டோலாண்டா என்னும் உரோமானியப் படைமுகாம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்குள்ள ஈர மண்ணடுக்குகள் எலும்பை மட்டுமன்றித் தோற்பொருள்களையும் மெல்லிய மர ஏடுகளையும் காத்து வைத்திருந்தன. 1973இல் முதன்முதலாகக் கிடைத்த அவ்வேடுகளுள் சில, முகாமுக்கு வாங்கிய உணவுப்பொருள்களின் கணக்கைக் கூறுகின்றன. ஏட்டில் எழுதிய கணக்கையும் மண்ணில் கிடைத்த எலும்பையும் ஒன்றோடொன்று வைத்துச் சரிபார்க்கும் வாய்ப்பு அங்குக் கிட்டியது.

எலும்பை எடுக்கும் முறையிலும் கவனம் தேவை. கண்ணில் பட்டதை மட்டும் கையால் பொறுக்கினால் மாட்டின் தொடை எலும்பு கிடைக்கும். மீன்முள்ளும் கோழிக்குஞ்சின் எலும்பும் மண்ணோடு போய்விடும். அதன் விளைவாக, ‘இவ்வூரார் மீன் உண்ணவில்லை’ என்னும் தவறான முடிவு பிறக்கும். ஆகவே, தோண்டிய மண்ணை நுண்துளைச் சல்லடையில் இட்டு நீரால் அலசுகின்றனர். சல்லடையில் தங்கிய மீன்முள், முட்டையோடு, எலிப்பல் ஆகிய யாவும் பைகளில் இடப்படுகின்றன. ஒவ்வொரு பையின் மீதும் எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு என்னும் குறிப்பு எழுதப்படுகிறது. அக்குறிப்பு இல்லாத எலும்பு, முகவரி இல்லாத மடல் போன்றது. எவ்வளவு அரிய எலும்பாயினும், அது எந்த அடுக்கில், எந்தக் காலத்துப் பானையோட்டுக்கும் நாணயத்துக்கும் அருகில் கிடந்தது என்று தெரியாவிட்டால் அதனால் பெரும்பயன் இல்லை.

எந்த விலங்கு? எத்தனை விலங்கு?

ஆய்வுக்கூடத்தில் எலும்புகள் மெல்லிய தூரிகையால் கழுவப்பட்டு நிழலில் உலர்த்தப்படுகின்றன. பின்னர், அவை எந்த விலங்குக்கு உரியவை என்று கண்டறிய வேண்டும். அதற்காக ஆய்வுக்கூடங்களில் இக்காலத்து மாடு, ஆடு, பன்றி, நாய், கோழி முதலியவற்றின் முழு எலும்புக்கூடுகள் ஒப்பீட்டுக்கென வைக்கப்பட்டிருக்கும். மண்ணில் கிடைத்த துண்டை அவற்றோடு ஒப்பிட்டு, அதன் மேடு, பள்ளம், துளை, வளைவு ஆகியவற்றைப் பார்த்து விலங்கை உறுதி செய்கின்றனர்.

இதில் பெரிய இடர்ப்பாடு செம்மறியாட்டையும் வெள்ளாட்டையும் பிரித்தறிவது. உயிரோடு நிற்கும்போது ஒரு சிறுவனும் எளிதில் பிரித்துச் சொல்லும் இவ்விரண்டும் எலும்பாகக் கிடக்கும்போது வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருக்கின்றன. செருமானிய அறிஞர் ஜோகிம் பெஸ்நெக் இவற்றிடையே உள்ள நுண்ணிய வேறுபாடுகளை 1960களில் வகுத்துக் காட்டினார். இன்று எலும்பிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்தைச் சோதித்தும் இவற்றைப் பிரித்தறிய இயலும்.

அடுத்து எண்ணிக்கை. ஒரு குப்பைக்குழியில் மாட்டின் இடத்தொடை எலும்புகள் ஐந்தும் வலத்தொடை எலும்புகள் மூன்றும் கிடைப்பதாகக் கொள்வோம். எட்டு எலும்புகள் கிடைத்தன என்பதால் எட்டு மாடுகள் என்று கூற இயலாது. ஒரு மாட்டுக்கு இடத்தொடை எலும்பு ஒன்றே. எனவே, அக்குழியில் குறைந்தது ஐந்து மாடுகளின் எலும்புகள் உள்ளன என்பதே உறுதியான முடிவு. இவ்வெண்ணை ‘குறைந்த அளவு விலங்கு எண்ணிக்கை’ என்பர். இதனோடு, ஒரு மாடு தரும் இறைச்சி பல ஆடுகள் தரும் இறைச்சிக்கு நிகர் என்பதையும் கருத வேண்டும். ஐந்து மாடுகளும் பத்து ஆடுகளும் இருந்தன என்றால், அங்கு வாழ்ந்தோர் ஆட்டிறைச்சியையே மிகுதியாக உண்டனர் என்று சொல்லிவிட முடியாது.

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது பழமொழி. எலும்பாய்வில் இப்பழமொழி செல்லாது. ஒரே ஓர் எலும்பைக் கொண்டு ஓர் ஊரின் உணவை வரையறுக்க இயலாது. நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான துண்டுகளை எண்ணிய பின்னரே ஒரு முடிவைத் துணிந்து கூறுகின்றனர்.

தெரிந்து தெளிவோம்

இத்தாலியின் பொம்பெயி நகரம் கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் புதையுண்டது. அந்நகரின் ஸ்டேபியா வாயிலருகே இருந்த ஓர் உணவுக்கடையின் கழிவுநீர்க் கால்வாயில், வெட்டப்பட்ட ஒட்டகச்சிவிங்கியின் கால் எலும்பு ஒன்று கிடைத்தது. சின்சினாட்டி பல்கலைக்கழக அகழாய்வுக் குழுவினர் இச்செய்தியை 2014இல் வெளியிட்டனர். அக்கால்வாய்களில் மிகுதியாகக் கிடைத்தவையோ தானியம், பழம், ஆலிவ், பருப்பு, மீன் முதலிய எளிய உணவுகளின் எச்சங்களே. அரியது ஒன்று கிடைத்ததால் அதுவே வழக்கம் என்று கொள்ளலாகாது.

பல்லைப் பார்த்து வயதறிதல்

தமிழ்நாட்டின் மாட்டுச் சந்தைகளில் மாடு வாங்குவோர் முதலில் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பர். ‘இரண்டு பல்’, ‘நான்கு பல்’, ‘ஆறு பல்’ என்று சொல்லியே மாட்டின் வயதைக் கணிப்பர். விலங்குத் தொல்லியலாளரும் இதே வழியைப் பின்பற்றுகின்றனர். பாற்பல் விழுந்ததா, நிலைப்பல் முளைத்ததா என்று முதலில் பார்க்கின்றனர். பின்னர்க் கடைவாய்ப்பல்லின் மேற்பரப்பு எவ்வளவு தேய்ந்துள்ளது என்று நோக்குகின்றனர். புல்லையும் மண்துகளையும் மென்று மென்று பல் தேய்வதால், தேய்வின் அளவு வயதைக் காட்டும். அன்னி கிரான்ட் 1982இல் வெளியிட்ட பல்தேய்வு நிலைகள் உலகின் பல ஆய்வுக்கூடங்களில் இன்றும் கையாளப்படுகின்றன.

இறந்தபோது விலங்கின் வயது என்ன என்பது தெரிந்தால், அதனை வளர்த்தவரின் நோக்கமும் தெரியும். செபாஸ்டியன் பெய்ன் என்னும் ஆய்வாளர் துருக்கியில் ஆராய்ந்து 1973இல் இதனை விளக்கினார். பாலுக்காக ஆடு வளர்ப்போர் கிடாய்க்குட்டிகளைச் சில மாதங்களிலேயே கழித்துவிடுவர். தாய் ஆடுகளைப் பல ஆண்டுகள் காப்பர். இறைச்சிக்காக வளர்ப்போர் விலங்கு நன்கு வளர்ந்து கொழுக்கும்வரை பொறுத்திருந்து வெட்டுவர். கம்பளிக்காக வளர்ப்போர் கிடாயையும் பெட்டையையும் முதுமைவரை வைத்திருந்து ஆண்டுதோறும் மயிர் கத்தரிப்பர். ஆகவே, தாடை எலும்புகளை வயது வாரியாக அடுக்கிப் பார்த்தால், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெயர் தெரியாத ஒரு மேய்ப்பரின் மனக்கணக்கு வெளிப்பட்டுவிடுகிறது.

உழைத்த எருதும் உண்ட நகரமும்

கி.பி. 43இல் உரோமானியர் பிரிட்டனுக்குள் படையெடுத்து வந்து ஆட்சியை நிறுவினர். உழவுத் தொழில் செய்யாத படைவீரரும் நகரமக்களும் அங்குப் பெருகினர். அவர்கள் அனைவருக்கும் யார் சோறிட்டார்கள் என்னும் வினாவுக்கு எலும்புகள் விடை தருகின்றன.

பிரிட்டனின் சிற்றூர்களில் செம்மறியாட்டின் எலும்புகள் மிகுதியாகக் கிடைக்கின்றன. படைமுகாம்களிலும் நகரங்களிலும் மாட்டெலும்புகள் மேலோங்குகின்றன. அம்மாடுகளுள் பல இளங்கன்றுகள் அல்ல. முழு வளர்ச்சி பெற்று ஆண்டுகள் சில கடந்தவை. அவற்றுட் சிலவற்றின் பாத எலும்புகள் இயல்புக்கு மாறாக அகன்றும் முண்டு முண்டாக வளர்ந்தும் உள்ளன. கடும்பாரத்தை நெடுங்காலம் இழுத்த எருதுகளுக்கு இத்தகைய மாற்றம் ஏற்படுவதுண்டு. தானியத்தின் தேவை பெருகியது, உழுநிலம் விரிந்தது, ஏர் பூட்ட எருதுகள் வேண்டியிருந்தன. ஆண்டுக்கணக்கில் உழுது ஓய்ந்த எருது இறுதியில் முகாமுக்கோ நகரத்துக்கோ ஓட்டிச் செல்லப்பட்டு இறைச்சியாயிற்று. பேரரசின் படைக்குச் சோறிட்ட உழவரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர் உழுத எருதின் தேய்ந்த பாத எலும்பு அவருக்காகச் சான்று பகர்கிறது.

வெட்டுத் தழும்புகளும் செய்தி கூறுகின்றன. உரோமானியருக்கு முற்பட்ட பிரிட்டன் மக்கள் சிறுகத்தியால் மூட்டுகளைப் பொறுமையாக அறுத்துப் பிரித்தனர். அதன் மெல்லிய கீறல்கள் மூட்டருகே காணப்படுகின்றன. உரோமானியர் கால நகரங்களிலோ கனத்த வெட்டுக்கத்தியால் எலும்போடு சேர்த்து வெட்டிய ஆழ்ந்த தழும்புகள் மிகுதி. பெருங்கூட்டத்துக்கு விரைந்து இறைச்சி வழங்கிய கசாப்புத் தொழிலாளர் அங்கு உருவாகிவிட்டனர் என்பது இதனால் விளங்குகிறது. மாட்டின் தோள்பட்டை எலும்புகள் பலவற்றில் துளை ஒன்று காணப்படுகிறது. இறைச்சியைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டு உப்பிட்டோ புகையூட்டியோ பதப்படுத்தியதன் அடையாளம் அது. நெதர்லாந்தின் ஸ்வாமர்டாம் முதலிய இடங்களில், மாட்டின் நீண்ட எலும்புகள் உடைத்து நொறுக்கப்பட்டுக் குவியலாகக் கிடைத்தன. உள்ளிருக்கும் மஜ்ஜையையும் கொழுப்பையும் வேகவைத்து எடுத்ததன் எச்சமாக அவற்றை ஆய்வாளர் கருதுகின்றனர். இறைச்சி முழுவதும் எடுத்த பின்னும் எலும்பு வீணாக்கப்படவில்லை.

எலும்பின் அளவும் ஒரு சான்றே. எந்த எலும்பை எங்கிருந்து எதுவரை அளக்க வேண்டும் என்பதை ஏஞ்செலா ஃபான் டென் டிரீஷ் 1976இல் வெளியிட்ட கையேடு வரையறுத்தது. அனைவரும் ஒரே முறையில் அளந்ததால் ஒரு நாட்டின் எலும்பை மற்றொரு நாட்டின் எலும்போடு ஒப்பிட முடிந்தது. அவ்வொப்பீட்டின்படி, உரோமானியர் ஆட்சிக்காலத்தில் பேரரசின் பல பகுதிகளில் மாடுகள் முன்பிருந்ததைவிடப் பெரியனவாயின. நல்லினத் தேர்வும் தீவனப் பராமரிப்பும் அக்காலத்தில் மேம்பட்டிருந்ததை இது காட்டுகிறது.

கழிவுக்குழியில் கண்ட உணவு

பேரரசு முழுவதும் ஒரே உணவு நிலவவில்லை. மாட்டெலும்பு மேலோங்கிய பிரிட்டனுக்கு மாறாக, நடு இத்தாலியில் பன்றியின் எலும்புகளே மிகுதி. அங்குள்ள கடலோர நகரங்களின் உணவை அறிய ஹெர்குலேனியம் பெரிதும் உதவியது. பொம்பெயியைப் போலவே கி.பி. 79இல் புதையுண்ட அந்நகரில், கடைகளும் சிறு குடியிருப்புகளும் நிறைந்த ஒரு கட்டடத் தொகுதியின் அடியில் நீண்ட கழிவுக்குழி ஒன்று கண்டறியப்பட்டது. மேலிருந்த சமையலறைகளிலிருந்தும் கழிப்பறைகளிலிருந்தும் விழுந்தவை யாவும் அதனுள் தங்கியிருந்தன. ஆய்வாளர் அக்கழிவை நூற்றுக்கணக்கான மூட்டைகளில் எடுத்துச் சல்லடையில் அலசினர். பலவகை மீன்களின் முட்கள், கடல்முள்ளெலியின் முட்கள், சிப்பிகள், கோழியெலும்பு, முட்டையோடு ஆகியவற்றோடு அத்திவிதையும் ஆலிவ் கொட்டையும் கிடைத்தன. மாளிகைவாசிகள் அல்லாத, கடை நடத்திய எளிய மக்களின் உணவு அது. ஏழை எளியவர் கஞ்சியையும் உலர்ந்த ரொட்டியையும் மட்டுமே உண்டு காலம் கழித்தனர் என்னும் கருத்தை அக்கழிவுக்குழி திருத்தியது.

எனினும், எலும்பின் எல்லையையும் மறத்தலாகாது. கோதுமையும் பருப்பும் எலும்பை விட்டுச் செல்வதில்லை. உரோமானியருள் பெரும்பாலோரின் முதன்மை உணவு தானியமே. எலும்பு மட்டும் கிடைத்த இடத்தில் இறைச்சியே பேருணவாகத் தோன்றும். ஆகவே, கருகிய தானியம், விதை, பானையின் உட்புறம் ஊறிய கொழுப்பு ஆகியவற்றை ஆராய்வோரோடு இணைந்தே விலங்குத் தொல்லியலாளர் முடிவுகளை எட்டுகின்றனர்.

கப்பலேறிய விலங்குகள்

உரோமானியரின் கப்பல்கள் தானியத்தையும் மதுவையும் மட்டும் ஏற்றிச் செல்லவில்லை. அழையாத விருந்தாளி ஒன்றையும் கொண்டு சென்றன. அதுவே கருப்பு எலி. இதன் தாயகம் இந்தியத் துணைக்கண்டம் உள்ளிட்ட தெற்காசியப் பகுதி. மேற்காசியா வழியாக மத்தியதரைக் கடலை அடைந்த இவ்வெலி, தானியக் கப்பல்களில் ஒளிந்து ஐரோப்பா எங்கும் பரவியது. பிரிட்டனின் யார்க் நகரில் உரோமானியர் காலக் கிணறு ஒன்றிலும் இதன் எலும்புகள் கிடைத்துள்ளன. பழங்கால எலியெலும்புகளின் மரபணுவை ஆராய்ந்த பன்னாட்டுக் குழுவின் முடிவுகள் 2022இல் வெளிவந்தன. கருப்பு எலி ஐரோப்பாவில் குறைந்தது இருமுறை குடியேறியது என்றும், முதற்குடியேற்றம் உரோமானியப் பேரரசின் விரிவோடும் இரண்டாவது இடைக்கால வணிகத்தோடும் நிகழ்ந்தது என்றும் அவ்வாய்வு காட்டியது. நகரமும் களஞ்சியமும் வணிகமும் தளர்ந்தபோது எலியும் குறைந்தது. அவை தழைத்தபோது எலியும் மீண்டது. ஒரு பேரரசின் எழுச்சியையும் தளர்ச்சியையும் எலியின் எலும்பும் அளந்து காட்டுகிறது.

உரோமானியர் கால வணிகத்தின் கிழக்கு எல்லையில் எகிப்தின் செங்கடற்கரையில் பெரனிகே என்னும் துறைமுகம் இருந்தது. இந்தியாவுக்குச் சென்ற கப்பல்கள் இங்கிருந்து புறப்பட்டன. இங்குள்ள கோவில் வளாகத்தில் ஏழு கிலோவுக்கும் மேற்பட்ட மிளகு நிறைந்த இந்தியச் சாடி கிடைத்தது. தமிழி எழுத்துப் பொறித்த பானையோடு ஒன்றும் இங்குக் கண்டெடுக்கப்பட்டது. தமிழ் வணிகரின் தடம் பதிந்த இத்துறைமுகத்தின் புறத்தே, கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த விலங்குப் புதைகாடு ஒன்றைப் போலந்து நாட்டு ஆய்வாளர் மார்த்தா ஒசிபின்ஸ்கா தலைமையிலான குழுவினர் ஆராய்ந்தனர்.

2021இல் வெளியான ஆய்வின்படி அங்கு 585 விலங்குகளின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவற்றுள் 536 பூனைகள், 32 நாய்கள், 15 குரங்குகள். இவை உண்ணப்பட்ட விலங்குகள் அல்ல. வெட்டுத் தழும்பு எதுவும் இல்லை. எகிப்தின் பழைய வழக்கப்படி பதனிட்டுக் காணிக்கையாக்கப்பட்டவையும் அல்ல. பெரும்பாலானவை தனித்தனியே கவனத்தோடு புதைக்கப்பட்டிருந்தன. சில பூனைகளின் கழுத்தில் இரும்புப் பட்டையோ மணிமாலையோ இருந்தது. சில விலங்குகள் பற்களை இழந்தும் மூட்டுநோய் கண்டும் முதுமைவரை வாழ்ந்திருந்தன. பல்லில்லா விலங்கு பாலைநிலத்தில் தானே இரைதேடிப் பிழைத்திருக்க இயலாது. எவரோ ஒருவர் மென்மையான உணவை நாள்தோறும் அதற்கு ஊட்டியிருக்க வேண்டும். குடிநீரும் உணவும் தொலைவிலிருந்து வரவேண்டிய அவ்வறண்ட ஊரில், பயன் எதுவும் தர இயலாத ஒரு முதிய விலங்குக்குத் தம் உணவில் பங்கிட்ட மனிதர் இருந்தனர். அவர்கள் யாரென்று தெரியாது. அவர்களின் அன்பு தெரிகிறது.

குரங்குகளின் மண்டையோடுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, அவற்றுள் இந்தியாவைத் தாயகமாகக் கொண்ட செம்முகக் குரங்குகள் இருப்பது புலனாயிற்று. மிளகு வந்த கடல்வழியில் உயிருள்ள குரங்கும் பயணம் செய்துள்ளது. வணிகப் பட்டியல்களில் எளிதில் காணக்கிடைக்காத இச்செய்தியை ஓர் எலும்புக்கூடு உறுதிப்படுத்தியது.

தெரிந்து தெளிவோம்

விலங்கின் பல் வளரும்போது, அது உண்ணும் புல்லும் நீரும் வழியாக அந்நிலத்துக்குரிய ஸ்ட்ரான்சியம் என்னும் தனிமம் பல்லில் சேர்கிறது. நிலத்தின் பாறைக்கு ஏற்ப இத்தனிமத்தின் ஓரிடத்தான்களின் விகிதம் மாறுபடும். பல்லில் உள்ள விகிதத்தை அளந்தால், அவ்விலங்கு எத்தகைய நிலத்தில் வளர்ந்தது என்று கணிக்கலாம். வாழ்ந்த ஊரைப் பல் மறப்பதில்லை.

பெட்டியில் காத்திருந்த எலும்பு

தென் இங்கிலாந்தின் ஃபிஷ்போர்ன் என்னுமிடத்தில் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானிய மாளிகை ஒன்று 1960களில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. மாளிகையின் வண்ணக்கல் தளங்கள் உலகப்புகழ் பெற்றன. அதே அகழாய்வில் கிடைத்த எலும்புகள் பெட்டிகளில் இடப்பட்டுக் காப்பறையில் வைக்கப்பட்டன. அவற்றுள் 1964இல் கிடைத்த, 4 சென்டிமீட்டர் நீளமே உள்ள கால் எலும்புத்துண்டு ஒன்றும் இருந்தது. அது எந்த விலங்குடையது என்று அப்போது எவரும் அறியவில்லை.

ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கடந்தன. 2017இல் அப்பெட்டியைத் திறந்து ஆராய்ந்த ஃபே வோர்லி என்னும் விலங்குத் தொல்லியலாளர் அத்துண்டு முயலின் எலும்பு என்று கண்டறிந்தார். மரபணுச் சோதனை அதனை உறுதி செய்தது. கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு அது கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று காட்டியது. ஐபீரியத் தீபகற்பத்தைத் தாயகமாகக் கொண்ட இவ்வகை முயல் பிரிட்டனுக்கு இடைக்காலத்தில்தான் வந்தது என்று அதுவரை நம்பப்பட்டது. அந்நம்பிக்கையை இச்சிறு துண்டு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கித் தள்ளியது. எலும்பில் வெட்டுத் தழும்பு இல்லை. அவ்விலங்கு அடைத்து வைத்து வளர்க்கப்பட்டது என்பதற்கான குறிகள் வேதியியல் சோதனையில் தெரிந்தன. எனவே, அது மாளிகையில் செல்லமாக வளர்ந்த முயலாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

இதே மாளிகையின் சேகரிப்பில் இருந்த ‘ஃபாலோ’ என்னும் மானினத்தின் தாடைகளும் 2006இல் வெளியான ஓர் ஆய்வில் புதுச்செய்தி தந்தன. பற்களின் ஸ்ட்ரான்சியத்தை அளந்தபோது, ஒரு மான் வேற்று நிலத்திலிருந்து கொண்டுவரப்பட்டது என்றும் மற்றொன்று அப்பகுதியிலேயே வளர்ந்தது என்றும் தெரியவந்தது. அயல்நாட்டு மான்களைக் கொணர்ந்து இனம்பெருக்கிய செய்தி இவ்வாறு வெளிப்பட்டது.

இவ்விரு கண்டுபிடிப்புகளுக்காகவும் புதிதாக ஒரு குழிகூடத் தோண்டப்படவில்லை. 1960களின் ஆய்வாளரிடம் மரபணுவைப் படிக்கும் கருவி இல்லை; ஆனால், பொருளைக் காக்கும் பொறுப்பு இருந்தது. தமக்கு விடை கிடைக்காத எலும்பை ‘பயனற்றது’ என்று எறியாமல், கிடைத்த இடத்தைக் குறித்து, பெட்டியில் இட்டு அடுத்த தலைமுறைக்கு வைத்தனர். அக்குறிப்பும் அப்பெட்டியும் இல்லையெனில், 2017இன் எந்தக் கருவியாலும் அம்முயலை மீட்டிருக்க இயலாது.

நிறைவாக

உரோமானியப் பேரரசர் எழுப்பிய வெற்றித்தூண்களில் போர்களும் பட்டங்களும் விரிவாகச் செதுக்கப்பட்டுள்ளன. அப்பேரரசைத் தாங்கிய உழவரும் எருதும், கசாப்புக் கடையும் கழிவுக்குழியும், கப்பல் எலியும் கிழட்டுப் பூனையும் அத்தூண்களில் முதன்மை பெறவில்லை. அவர்களுடைய வரலாறு குப்பைக்குழிகளில் சிதறிக் கிடக்கிறது. அதனைப் படிக்க மூன்று பண்புகள் வேண்டும்: சிறியது என்று எதனையும் ஒதுக்காத பார்வை, சான்று சொல்லாததைத் தாமே சேர்த்துச் சொல்லாத நேர்மை, இன்று புரியாததை நாளைக்காகக் காக்கும் பொறுமை. இம்மூன்றும் எலும்பாய்வுக்கு மட்டும் உரியவை அல்ல. உண்மையைத் தேடும் எல்லாக் கல்விக்கும் உரியவை.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் கழிக்கப்படும் பொருள்களைப் பட்டியலிடுக. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் அவற்றுள் எவை மண்ணில் எஞ்சும், அவற்றைக் கொண்டு வருங்கால ஆய்வாளர் எதனைச் சரியாகவும் எதனைத் தவறாகவும் அறிவர் என்று வகுப்பில் கலந்துரையாடுக.
2. ஆடு, மாடு வளர்ப்போர் பல்லைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறையையும் அதற்கு வழங்கும் சொற்களையும் கேட்டறிந்து தொகுத்து எழுதுக.
3. அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்குச் சென்று, ஒரு பொருளின் அருகே எழுதப்பட்டுள்ள குறிப்பில் அது கிடைத்த இடம், காலம் ஆகியவை உள்ளனவா என்று நோக்கிக் குறிப்பு வரைக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ஒரு குழியில் பன்றியின் இடக்கீழ்த்தாடைகள் நான்கும் வலக்கீழ்த்தாடைகள் ஆறும் கிடைத்தால், குறைந்த அளவு விலங்கு எண்ணிக்கை
அ) நான்கு ஆ) ஐந்து இ) ஆறு ஈ) பத்து

2. சரியான இணையைத் தேர்ந்தெடுக்க.
அ) ஹெர்குலேனியம் – முயலெலும்பு ஆ) பெரனிகே – விலங்குப் புதைகாடு இ) ஃபிஷ்போர்ன் – ஒட்டகச்சிவிங்கி எலும்பு ஈ) விண்டோலாண்டா – செம்முகக் குரங்கு

குறுவினா

1. விலங்குத் தொல்லியல் என்றால் என்ன?
2. மண்ணைச் சல்லடையில் அலசாவிட்டால் நேரும் பிழை யாது?
3. மாட்டின் தோள்பட்டை எலும்பில் காணப்படும் துளை எதனை உணர்த்துகிறது?

சிறுவினா

1. ‘முகவரி இல்லாத மடல் போன்றது’ – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.
2. ஆட்டின் வயதைக் கொண்டு வளர்த்தவரின் நோக்கத்தை அறிவது எங்ஙனம்?
3. பெரனிகே விலங்குகளின் எலும்புகள் மனிதரின் அன்பை உணர்த்தும் விதத்தை விளக்குக.

நெடுவினா

1. எழுத்துச் சான்றுகள் கூறாத எளிய மக்களின் வாழ்வை எலும்புகள் வெளிப்படுத்தும் பாங்கினைப் பாடப்பகுதியின் சான்றுகளோடு கட்டுரையாக்குக.